இன்னும் இருக்குதா?

பல் வலிக்கிறது என்று அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தோம். அன்றைக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்கமாட்டார். கிராம்பு வைத்துக்கொள் என்றுகூடச் சொல்லமாட்டார். பல வாரம் கழித்து, நாமே மறந்துபோன ஒரு மத்தியானத்தில், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கேட்பார்.

"அந்தப் பல்லு வலி சொன்னியே, இன்னும் இருக்குதா?"

"இல்லக்கா, அப்பவே போயிடுச்சு."

"எப்படித் தெரியும்? ஜில்லுன்னு ஏதாவது குடிச்சுப் பாத்தியா?"

பாட்டில் தண்ணீரை அந்தப் பக்கமாகக் கொப்பளித்துக் காட்டினால்தான் விடுவார். காட்டிய பிறகும் முகத்தில் முழு நம்பிக்கை வராது. "சரி, பாப்போம்" என்று சோற்றைப் பிசைவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுனாமியில் கடல் வந்து போன அடுத்த வருஷம் அது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு உரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். நான் பெரிய முதலியார்சாவடியிலிருந்து தினம் பஸ் பிடித்து வருவேன். அக்கா உள்ளூர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருக்கும். இழுத்துச் செருகிய பருத்திச் சேலை, காலில் ரப்பர் செருப்பு. ஆபீஸைப் பூட்டிய பிறகு பூட்டை இழுத்துப் பார்ப்பார். இதை எல்லோரும் செய்வார்கள். அக்கா பாதிப் படி இறங்கியபின் மறுபடி ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பார். நான் கீழே நின்று என் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வேலை இதுதான். கடற்கரைக் குப்பங்களில் ஊருக்கு ஒரு சின்ன அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், வெளியே கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர். காற்று, அலை பற்றி எச்சரிக்கை வந்தால் நாங்கள் மரக்காணத்தில் டைப் செய்து அனுப்புவோம். அது ரேடியோ டவர் வழியாக எல்லா ஊருக்கும் போய், கம்ப்யூட்டரே அதைப் படித்து ஸ்பீக்கரில் சொல்லும். எந்த ஊரில் சொல்லி முடித்ததோ அந்த ஊரின் கட்டம் எங்கள் திரையில் பச்சையாகும். எல்லாம் பச்சை என்றால் நாங்கள் டீ குடிக்கப் போகலாம்.

அந்த மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே புகுந்து திருத்தலாம் என்று திறந்து வைத்தது. எழுதியவர்கள் நாலு ஊரில் இருக்கும் நாலு பேர், சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் எழுதியவர்கள். அதனால் கோளாறுகளுக்குப் பஞ்சமில்லை. குப்பத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கோளாறைப் புகாராக எழுதுவார்கள். அது இணையத்தில் ஒரு பக்கத்தில் ஏறும். அந்த நாலு பேரில் யாராவது நேரம் கிடைக்கும்போது சரிசெய்வார்கள். நடுவில் நின்று புகாரை விளங்கிக்கொள்வதும், விரட்டுவதும், கடைசியில் மூடுவதும் நானும் அக்காவும்.

புதுப் பதிப்பு வந்ததும் பழைய புகார்க்காரர்களுக்கெல்லாம் ஒரே மாதிரிச் செய்தி அனுப்பவேண்டும். 'புதிய பதிப்பு வந்துவிட்டது. நீங்கள் சொன்ன கோளாறு இதில் இன்னும் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லவும். பதில் வராவிட்டால் இந்தப் புகார் மூடப்படும்.' எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். பதில் வராவிட்டால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வது. இல்லாவிட்டால் பழையது மலைபோல் சேர்ந்து புதியது கண்ணில் படாது.

அக்கா அந்தக் கடைசி வாக்கியத்தை அழித்துவிட்டு அனுப்புவார். ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு செய்தியிலும், கையால்.

"பதில் வரலைன்னா பதில் வரலைன்னுதான் அர்த்தம்" என்பார். "சரியாயிடுச்சுன்னு யாரு சொன்னா?"

இந்தக் குணம் கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அந்த ஆவணி மாதம் என்னைப் பெண் பார்க்க கோட்டக்குப்பத்துப் பக்கமிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். அம்மா உளுந்து வடை போட்டாள். பையனுக்குப் பிடித்த மாதிரிதான் இருந்தது. சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. எங்கள் தெருவிலும் கோயிலிலும் எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மரியாதையை நம்பித்தான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். நிரம்பி வழிந்த ஒரு டவுன் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கா கேட்டார்.

"அந்த மாப்பிள்ளை வூட்டுல சொல்றேன்னாங்களே, சொன்னாங்களா?"

முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லலக்கா. சொல்லலைன்னா புடிக்கலைன்னு அர்த்தம். வுடுங்க."

"சொல்லலைன்னா சொல்லலைன்னு அர்த்தம். ஒரு போன் போட்டுக் கேட்டுட்டா போச்சு. வேணாம்னா வேணாம்னு அவுங்க வாயால சொல்லட்டும்."

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் நடந்தேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் அம்மாவை நானே பிடித்து உலுக்கி போன் போடவைத்தேன். வேண்டாம் என்று சொன்னார்கள், ஒரே நிமிஷத்தில். அன்றைக்கு வயிறு எரிய அழுதேன். அழுது முடித்து, பல வாரத்துக்குப் பிறகு, நன்றாகத் தூங்கினேன். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், தூக்கம் இன்னும் வருகிறதா என்று கேட்பார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளங்களில் வேலை நின்று, பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர். உப்புக் குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டார்கள். புதுப் பதிப்பு வந்திருந்தது. இந்த வேலைக்குப் பணம் கொடுக்கிறவர்கள் மறுநாள் பார்க்க வருகிறார்கள் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் காலையிலிருந்து நின்ற இடத்தில் நிற்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ராப்பகலாக உழைக்கிறவர். ஆனால் அன்றைக்கு அவருக்குப் பழைய புகார் ஒன்றும் இணையப் பக்கத்தில் தெரியக்கூடாது.

"இன்னும் ஒண்ணு தொறந்தே இருக்குதே, ஏம்மா?"

"பதில் வரல சார்" என்றார் அக்கா.

"எத்தினி வாட்டி கேட்டிங்க?"

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"அப்ப மூடிடுங்க. இங்க நம்ம மெஷின்ல டெஸ்ட் பண்ணிட்டோம்ல? சத்தம் வருதுல்ல?"

"இங்க வருது சார்."

அந்தப் புகார் எனக்கு மனப்பாடம். அனுமந்தையைத் தாண்டி, கிழக்கே இருக்கிற ஒரு குப்பத்துப் பெண் எழுதியது. ஒரே வரி. 'பாட்டு போட்ட பிறகு சத்தம் வரவில்லை.' மென்பொருள் எழுதியவர்களில் ஒருவர் கீழே கேட்டிருந்தார்: 'எந்தப் பாட்டு? இந்த மென்பொருள் பாட்டு போடாதே.' அதற்குப் பதில் இல்லை. அக்கா கேட்டதற்கும் பதில் இல்லை. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ சினிமாப் பாட்டு கேட்கப்போய் எதையோ கெடுத்துக்கொண்டாள் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன்.

"சார், நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னிக்கா? வானத்தப் பாத்திங்களா? மீன்துறையில இருந்து எப்ப வேணா எச்சரிக்கை வரும்."

"அதனாலதான் சார், இன்னிக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "ரெண்டு பேரும் போங்க" என்றார் கடைசியில், கையை உதறிக்கொண்டு. "சாயங்காலத்துக்குள்ள அது மூடியிருக்கணும். செய்தி வந்தா நானே அனுப்பிக்கறேன்."

அக்காவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போவது ஒரு தண்டனை. ஒவ்வொரு திருப்பத்திலும் "பின்னாடி லைட்டு எரியுதா பாரு" என்பார். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளத் தண்ணீர் காற்றில் சுருங்கிக்கொண்டிருந்தது. கீற்று பறக்காமலிருக்க ஆட்கள் குவியல்கள்மேல் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது.

குப்பத்தில் அம்மன் கோயிலை ஒட்டி அந்த அறை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். என் வயதுதான். கல்யாணமாகிச் சில மாதம்தான் என்று கழுத்து மஞ்சள் சொன்னது. நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"இன்னா, நீங்களும் கேக்க வந்திங்களா? கடல் வந்ததுல இருந்து வண்டி வண்டியா வந்தாங்க. கேட்டாங்க, எழுதினாங்க, போனாங்க. ஒருத்தரும் திரும்பி வரல."

"நீ ஒரு புகார் எழுதியிருந்தியேம்மா. அது இன்னும் இருக்குதான்னு..."

"எழுதினேன். எந்தப் பாட்டுன்னு கேட்டாங்க. அம்மன் பாட்டுன்னு எழுதவா? சிரிப்பாங்க. வுட்டுட்டேன்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நான் எழுதிக்கிட்டுப் போறதுக்கு வரல. நீ செஞ்சு காட்டு. நான் பாக்கறேன். அவ்ளோதான்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். சோதனைச் செய்தியைத் தட்டினாள். வெளியே கோயில் கம்பத்தில் கூம்பு கணீரென்று சொன்னது, 'இது சோதனை.' திரையில் கட்டம் பச்சையானது. தூரத்தில், சவுக்குத் தோப்புக்கு அப்பாலிருந்து, இரண்டாவது கூம்பும் அதையே சொல்வது லேசாகக் கேட்டது. இந்தப் பக்கம் கரையைக் கடல் அரித்துவிட்டதால் படகுகளை அங்கேதான் நிறுத்துகிறார்கள். மணலில் நல்ல தூரம். அதற்காகத்தான் அங்கே தனியாக ஒரு கம்பம்.

"சரியாயிடுச்சுக்கா" என்றேன். "மழை வர்றதுக்குள்ள கெளம்பிடலாம்."

"பாட்டு போட்ட பிறகுன்னுதானே எழுதியிருக்கா?" என்றார் அக்கா. "பாட்டு போடல இன்னும்."

பாட்டு போட மைக் செட்காரர் வேண்டும். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஊருக்குப் பொது. திருவிழா, காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான் அந்த அறையில் வந்து பாட்டு போடுவார். அந்தப் பெண் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். காத்திருந்தோம். கோயில் மரத்தில் இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்கா வெளியே பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் இருக்கும் பக்கம் அவர் முதுகு இருந்தது.

மைக் செட்காரர் வந்ததும் வராததுமாக முறைத்தார். "இப்ப எதுக்குப் பாட்டு? எம் செட்டாலதான் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு எழுதி வெக்கறதுக்கா?"

"உங்க மேல குத்தமே இல்லண்ணே. எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒரு சின்னப் பெட்டி உண்டு. கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று அதை யூ.பி.எஸ்ஸில் சொருகியிருப்போம். மைக் செட்காரர் முதல் காரியமாக அந்தச் சொருகைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தன் சிடி பிளேயரைச் சொருகினார்.

"அதை ஏங்க புடுங்கறீங்க?" என்று கத்திவிட்டேன்.

"வேற எங்க சொருகறது? செவுத்துல இருக்கற பிளக்கெல்லாம் உப்புக் காத்துல செத்துப் போச்சு. அதுவுமில்லாம, அம்மன் பொறப்படும்போது கரண்ட் போனா பாட்டு நிக்கலாமா? யூ.பி.எஸ்ல போட்டாத்தான் நிக்காது."

எங்கள் ஆபீஸில் அந்தப் பெட்டியின் சொருகை யாரும் தொட்டதே இல்லை. தொடவேண்டிய தேவையே எங்களுக்கு வந்ததில்லை.

அம்மன் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. குடம் சுமந்து போன ஒருத்தி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அக்கா கையைக் காட்டினார். மைக் செட்காரர் பாட்டை நிறுத்தி, சிடி பிளேயரைப் பிடுங்கி, பெட்டியைப் பழையபடி யூ.பி.எஸ்ஸில் சொருகினார். பெட்டியின் விளக்கு எரிந்தது. எல்லாம் இருந்த மாதிரியே இருந்தது.

அந்தப் பெண் சோதனைச் செய்தியைத் தட்டினாள்.

திரை பச்சையானது. கூம்பு வாய் திறக்கவில்லை. வெளியே கடல் இரைச்சல் மட்டும் இருந்தது.

"இதத்தான் எழுதினேன்" என்றாள் அவள். "கம்ப்யூட்டர நிறுத்திப் போட்டாத்தான் திரும்ப வரும்."

பெட்டிக்கு மறுபடி உயிர் வந்தது மென்பொருளுக்குத் தெரியவில்லை. செத்த பெட்டியோடு பேசிக்கொண்டே, சொல்லிவிட்டேன் சொல்லிவிட்டேன் என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்கூட எனக்கு ஒரு நொடி வந்தது. அந்த நொடியில்தான், யாரும் எதையும் தொடாமல், திரையில் புதிதாக ஒரு செய்தி வந்து விழுந்தது. மரக்காணத்திலிருந்து. எங்கள் ஒருங்கிணைப்பாளர் அனுப்பியது. 'காற்று பலமாக வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்லவேண்டாம். சென்றவர்கள் உடனே கரை திரும்பவும்.'

பச்சை. சத்தமில்லை.

அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். "எங்க வூட்டுக்காரு இப்பத்தான் சோறு கட்டிக்கிட்டுப் போனாரு. தள்ளிக்கிட்டு இருப்பாங்க."

கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டாள். அது விழித்தெழுவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். என் போனில் டவர் இல்லை. மைக் செட்காரர்தான் முதலில் சுதாரித்தார். "மைக் இருக்குதுல்ல!" என்று பக்கத்துச் சந்தில் இருந்த தன் வீட்டுக்கு ஓடினார். மைக்கையும் வயரையும் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபையரில் நேராகச் சொருகினார். அருகில் நின்றது அக்கா. அவர் கையில் கொடுத்து, "பேசுங்க" என்றார்.

அக்காவின் கை நடுங்கியது. நடுக்கம் என்றால் சாதாரண நடுக்கம் இல்லை. மைக்கின் பட்டனை அமுக்கமுடியாமல் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக அமுங்கியபோது மைக் அவர் கண்ணாடியில் மோதி, இரண்டு கூம்பிலும் கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் போனது. அவர் வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

அந்தப் பெண் பிடுங்கிக்கொண்டாள். "மீனவர்கள் கடலுக்குச் செல்ல..." என்று செய்தியைப் படிக்கத் தொடங்கி, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் பாஷையில் கத்தினாள். "படகத் தள்ளாதீங்க! காத்து வருது, எல்லாரும் திரும்பி வாங்க! யோவ், உன்னத்தான், கேக்குதா? வந்துடு! தள்ளாத, வந்துடு!"

திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். கூம்பு எதையும் திருப்பிச் சொல்லாது.

"கேட்டுச்சான்னு தெரியலியே" என்றார் அக்கா.

சொன்னவர் ஓடினார். அந்த ரப்பர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, சவுக்குத் தோப்புக்குள் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். மணல் காலை இழுத்தது. காற்றில் சவுக்கு ஊளையிட்டது. தோப்பு முடிந்து கடல் தெரிந்த இடத்தில் அக்கா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதற்குமேல் அவர் கால் போகவில்லை.

படகுகளைக் கரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஃபைபர் படகு அலையைத் தாண்டிப் போயிருந்து, மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. வெள்ளை வெள்ளையாக அலை அதை மறைத்தது, காட்டியது, மறைத்தது. ஒருவழியாக மணலில் வந்து மோதியது. அதிலிருந்து குதித்த ஒரு வாலிபனைப் பார்த்து அக்கா மரத்தை விடாமலே கத்தினார்.

"கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றான் அவன், வெட்கமும் கோபமுமாக. "ஊரே கேட்டுச்சு. இனிமே நான் எப்படி டீக்கடைக்குப் போறது?"

அவன்தான் அந்தப் பெண்ணின் புருஷன். அன்று சாயங்காலம் காற்று வந்தது. கோயில் மரத்தில் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. கரைமேல் ஏற்றிக் கட்டியிருந்த படகுகளையே அலை இழுத்துப் பார்த்தது.

காற்று முற்றுவதற்கு முன்பே நாங்கள் கிளம்பிவிட்டோம். வழியில் மழை சாய்த்து அடித்ததால் ரோட்டோரத்து நிழற்குடையில் ஒதுங்கினோம். அங்கே என் போனில் டவர் வந்தது. ஒருங்கிணைப்பாளர் உற்சாகமாகப் பேசினார். "செய்தி அனுப்பிட்டேன். எல்லா ஊரும் பச்சை. அந்தப் புகார் என்னாச்சு, மூடிடலாமா?"

"சார், இங்க பச்சை காட்டுச்சு. சத்தம் வரல."

"ஆளுங்க?" என்றார். குரல் மாறிவிட்டிருந்தது. எல்லோரும் கரையில் இருக்கிறார்கள் என்றேன். அதற்குப் பிறகு, பதில் வராவிட்டால் மூடப்படும் என்கிற அந்தக் கடைசி வாக்கியத்தை எந்தச் செய்தியிலும் நான் பார்க்கவில்லை. அவரே எடுத்துவிட்டார்.

போனை வைத்ததும் அக்கா சேலை நுனியைப் பிழிந்துகொண்டே, நான் கேட்காமலே சொன்னார். கடல் வந்த அன்றைக்கு அவர் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையை எக்கியார்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"காலைல கடை போன்ல இருந்து பண்ணா. 'யக்கா, கடலு இன்னாமோ மாதிரி இருக்குது'ன்னா. பூத்துல கூட்டம். 'இன்னான்னு பாத்துட்டுத் திரும்பப் பண்ணு'ன்னேன். பண்ணல. பண்ணலைன்னதும் சரியாயிடுச்சு போலன்னு நெனச்சேன்."

மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். ஈரச் சேலைக்குள் உடம்பு அனலாக இருந்தது. மழை விட்டதும் வண்டியை எடுத்தார். "பின்னாடி லைட்டு எரியுதா பாரு" என்றார். பார்த்தேன். எரிந்தது.

அந்தப் புகாரின்கீழ் அக்கா நடந்ததையெல்லாம் எழுதினார். யூ.பி.எஸ், துருப்பிடித்த பிளக், அம்மன் புறப்பாடு எல்லாம். எந்தப் பாட்டு என்று கேட்டவர் மறுநாளே மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். திருத்தம் அடுத்த வருஷம், மாசிக்கு மேல்தான் வந்தது. அக்கா அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினார். 'புதிய பதிப்பு வந்துவிட்டது. நீங்கள் சொன்ன கோளாறு இதில் இன்னும் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லவும்.'

பதில் வரவில்லை. மறுபடி அக்காவின் வண்டியை எடுத்தோம். இந்தத் தடவை உப்பளமெல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது.

அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். மைக் செட்காரரைக் கூப்பிட்டு, பாட்டு போட்டு, பிடுங்கி, சொருகி, சோதனைச் செய்தியைத் தட்டினாள். கூம்பு கணீரென்று சொன்னது. தோப்புக்கு அப்பாலிருந்து இரண்டாவது கூம்பும் சொன்னது. தினமும் சாயங்காலம் இப்படிச் செய்து பார்ப்பதாகவும், ஊரில் எல்லோரும் திட்டுவதாகவும் சொன்னாள்.

"அப்ப ஒரு வரி எழுதக் கூடாதா?" என்றார் அக்கா.

"கெட்டுப்போனா எழுதலாம். நல்லாருக்கறத எவ எழுதுவா?"

அக்கா அங்கேயே உட்கார்ந்து அந்தப் புகாரை மூடினார். அவர் ஒரு புகாரை அத்தனை நிம்மதியாக மூடி நான் பார்த்ததில்லை. நாங்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது அந்தப் பெண் கேட்டாள்.

"யக்கா, அன்னிக்கு உனக்குக் கை நடுங்குச்சே. இன்னும் இருக்குதா?"

அக்காவை யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அதெல்லாம் போயிடுச்சும்மா."

"எப்படித் தெரியும்?" என்றாள் அவள். உள்ளே போய், இப்போதெல்லாம் அங்கேயே வயரோடு கிடக்கும் மைக்கை எடுத்துவந்தாள். பட்டனை அவளே அமுக்கி நீட்டினாள். "புடிச்சுக் காட்டு."

மறுக்கத் தெரியாமல் அக்கா வாங்கிக்கொண்டார். திரும்பிக் கடல் இருக்கும் பக்கம் பார்த்தார். கை நடுங்கியது. அன்றைக்குப் போல இல்லை, ஆனால் நடுங்கியது. இரண்டு கூம்பிலும் கரகரவென்று சத்தம் போனது. தெருவில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இருக்குது" என்றார் அக்கா. ஊருக்கே கேட்டது. தோப்புக்கு அப்பால் படகுகளுக்கும் கேட்டது.

அந்தப் பெண் மைக்கை வாங்கி அணைத்தாள். "சரி" என்றாள். "அடுத்த மாசம் வந்து காட்டு."